ஹிரோஷிமாவுக்கு அரை நாள் போதுமா?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: டிசம்பர் பள்ளி விடுமுறையில் கணவர், 11 வயது மகன், 6 வயது மகள், 74 வயது அப்பா எல்லோருமாக ஒசாகா போகிறார்கள். நடுவில் ஒரு நாள் ஹிரோஷிமா போய் நினைவுப் பூங்காவைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடலாமா? சின்னப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாமா? இதற்கிடையில் அப்பா ஒரே பிடிவாதமாக இருக்கிறாராம். "என் அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனவன் ஊரில் போய் நான் எதற்குக் கும்பிடணும்?" என்கிறாராம். ஜப்பான்காலத்தில் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், மரண ரயில் பாதை போட நம் தோட்டத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதைத்தான் சொல்கிறார்.

வணக்கம் சகோதரி. பினாங்கில் இருந்து எழுதுகிறேன். முதல் இரண்டுக்கும் பதில் சுலபம். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியும், ஆனாலும் ஓர் இரவு தங்குங்கள். பிள்ளைகளை அழைத்துப் போங்கள், சின்னவளை மட்டும் அருங்காட்சியகத்தின் பிரதான கட்டடத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். அப்பா கேட்டதற்குத்தான் பதில் கொஞ்சம் நீளும். அவர் கேட்பது நியாயமான கேள்வி. பயண ஏஜென்ட் யாரும் அதற்குப் பதில் சொல்ல மாட்டார் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அப்பா நினைப்பதைவிட அவருடைய கோபத்துக்கு அந்த ஊரில் கூடுதல் முகாந்திரம் இருக்கிறது. அப்பாவி ஊர் ஒன்றின்மேல் அணுகுண்டு விழுந்தது என்ற அளவில்தான் நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். ஹிரோஷிமா வெறும் ஊர் அல்ல, ராணுவ ஊர். ஜப்பானிய ராணுவத்தின் 5வது டிவிஷனுக்கு அதுதான் தலைமையிடம். 1941 டிசம்பர் 8ஆம் தேதி தென் சயாமின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் தரையிறங்கி, கெடாவின் ஜித்ராவில் பிரிட்டிஷ் படையை உடைத்து, மலாயாவின் மேற்குக் கரை வழியாகக் கீழே இறங்கி வந்த படை அது. 1942 ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. அந்த டிவிஷனைச் சேர்ந்த ஹிரோஷிமாவின் 11வது காலாட்படை ரெஜிமெண்ட்தான் அதே ஆண்டு மார்ச்சில் நெகிரி செம்பிலானில் பாரிட் திங்கி, தித்தி போன்ற சீனக் கிராமங்களில் ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் கொன்றது. ஊஜினா என்று ஒரு துறைமுகம் ஹிரோஷிமாவில் இருக்கிறது. 1894 முதல் ஜப்பான் வெளிநாட்டுக்குப் படை அனுப்பிய முக்கியமான வாசல் அதுதான்.

ஆனால் 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை 8:15க்குக் குண்டு வெடித்தபோது, மலாயாவுக்கு வந்த அந்த டிவிஷன் இந்தோனேசியாவின் கிழக்கே செராம் தீவுப் பக்கம் இருந்தது. ஊரில் இருந்தவர்கள் வேறு ஆட்கள். தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்துத் திறந்தவெளி உண்டாக்கும் வேலைக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். பெரும்பாலும் 12, 13 வயது. அப்படி வேலைக்கு இழுக்கப்பட்ட மாணவர்களில் சுமார் 6,000 பேர் செத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மொத்தம் 140,000 பேர் வரை இறந்ததாக நகராட்சியின் கணக்கு. இந்தக் கூட்டத்தில் கொரியாவில் இருந்து கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களும் உண்டு. நம் தாத்தாமார் சயாமுக்குப் போன மாதிரிதான் அவர்களில் பலர் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கான நினைவுக்கல் 1970இல் பூங்காவுக்கு வெளியேதான் வைக்கப்பட்டது. உள்ளே இடம் கிடைக்க 1999 வரை ஆனது. அப்பாவை அந்தக் கல்லுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே நிற்பதற்கு அவருக்குத் தயக்கம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொரு கல்லும் இருக்கிறது. நம் நாட்டில் இருந்து போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள் என்பது என் நீண்ட நாள் ஆதங்கம். ஜப்பான்காலத்தில் தென்கிழக்காசிய நாடுகளில் இருந்து சுமார் 200 இளைஞர்களை ஜப்பான் அரசு படிக்க அழைத்துப் போனது. தனக்கு வேண்டிய அதிகாரிகளை உருவாக்கும் திட்டம் அது. அவர்களில் சிலர் ஹிரோஷிமாவில் படித்தார்கள். குண்டு விழுந்த அன்று அங்கே இருந்த மலாயா மாணவர்களில் கிளந்தானைச் சேர்ந்த நிக் யூசோப் ஊரைவிட்டுத் தப்பி, பக்கத்து ஊரான இத்சுகாய்ச்சி வரை போய் அங்கே இறந்தார். ஜொகூரைச் சேர்ந்த சைட் ஒமார் தோக்கியோவுக்கு ரயிலில் போகும் வழியில் உடல்நிலை மோசமாகி, செப்டம்பர் 3ஆம் தேதி கியோத்தோ மருத்துவமனையில் இறந்தார். மூன்றாமவர் அப்துல் ரசாக் அப்துல் ஹமிட், எங்கள் பினாங்கில் பிறந்தவர். பல்கலைக்கழக வகுப்பறையில் இருந்தபோது கட்டடம் மேலே சரிந்தும் உயிர் தப்பினார். ஊர் திரும்பி, மாரா தொழில்நுட்பக் கழகத்தில் பல ஆண்டுகள் ஜப்பானிய மொழி கற்பித்து, 2013இல் 88 வயதில்தான் மறைந்தார். யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) துணைவேந்தராக இருந்த சுல்கிப்லி அப்துல் ரசாக் அவருடைய மகன்.

இந்த மாணவர்கள் தங்கியிருந்த விடுதிக்குக் கோனன் விடுதி என்று பெயர். அது இருந்த இடத்தில், மொத்தோயாசு ஆற்றங்கரையில் யோரோசுயோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். பூங்காவில் இருந்து தெற்கே ஆற்றோரமாகவே நடந்தால் போதும், பத்துப் பதினைந்து நிமிடம். கூட்டமே இருக்காது. கியோத்தோவுக்கும் ஒரு நாள் போகிறீர்கள் என்றால், சைட் ஒமாரின் கல்லறை எங்கோஜி கோவிலில் இருக்கிறது. இச்சிஜோஜி ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். இலையுதிர்காலச் சிவப்பு இலைகளைப் படம் பிடிக்க அங்கே கூட்டம் அலைமோதும். ஒரு மலாய் முஸ்லிம் இளைஞன் அந்தப் பௌத்தக் கோவில் மண்ணில் கிடக்கிறான் என்பது வருகிற பலருக்குத் தெரியாது.

அப்பாவுக்கு இதையெல்லாம் சொல்லிப் பாருங்கள். அப்புறமும் வர மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடித்தார்கள். காஞ்சனபுரிக்கு நீங்கள் போயிருந்தால் தெரியும்: அங்கே உயிர்விட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த தனித்தனிக் கல் வரிசை வரிசையாக இருக்கிறது. தோட்டத்தில் இருந்து லாரியில் ஏற்றிப் போன நம்மவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஹிரோஷிமாவிலோ, குண்டுவீச்சுக்கு ஆளாகி இறந்த ஒவ்வொருவர் பெயரையும் பேரேட்டில் எழுதி, நினைவுச் சின்னத்தின் வளைவுக்கடியில் உள்ள கல்பெட்டியில் வைக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6ஆம் தேதி புதிய பெயர்கள் சேர்கின்றன. இப்போது 340,000ஐத் தாண்டிவிட்டது. எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. அதன் முன்னால் நின்றதும் எனக்கு வந்தது பொறாமைதான். அப்பாவுக்கு அங்கே அழுகைக்குப் பதிலாக எரிச்சல் வந்தால் அதில் தப்பே இல்லை, விட்டுவிடுங்கள்.

சரி, இனி இடத்துக்கு வருவோம்.

பூங்கா இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள மூக்குப் பகுதி, சுமார் 12 ஹெக்டேர். முதலில் போகிறவர்கள் இது எப்போதுமே புல்வெளியாக இருந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். நகாஜிமா என்ற நெருக்கமான கடைத்தெரு அது. துணிக்கடை, சினிமா கொட்டகை, சத்திரம், கோவில் என்று எல்லாம் இருந்த இடம். சுமார் 4,400 பேர் குடியிருந்தார்கள். இடிபாட்டின்மேல் மண் கொட்டி மேடாக்கித்தான் பூங்கா போட்டார்கள். அந்த மண்ணுக்கடியில் என்ன இருந்தது என்று தோண்டி, கருகிப்போன தளத்தையும் தெருவின் மிச்சத்தையும் அப்படியே காட்டும் சிறு கூடம் ஒன்றை 2022இல் திறந்தார்கள். கட்டணம் இல்லை. இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். என்னைக் கேட்டால் பூங்காவில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். அதைப் பார்த்த பிறகு புல்வெளியில் நடக்கிற நடையே மாறிவிடும்.

அதே தெருவில் தப்பி நிற்கும் ஒரே கட்டடம் 1929இல் கிமோனோ கடையாகக் கட்டப்பட்டது. இப்போது ஓய்வுக்கூடம். கழிப்பறை, நாற்காலி, குளிருக்கு ஒதுங்க இடம் எல்லாம் அங்கே உண்டு, அப்பாவுக்கு வசதி. குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே உள்ள தரையில் இருந்து 170 மீட்டர் தூரம்தான். அன்று காலை ஏதோ ஆவணம் எடுக்க நிலவறைக்குப் போன ஊழியர் ஒருவர் மட்டும் பிழைத்தார். அந்த நிலவறைக்கு இப்போதும் இறங்கிப் பார்க்கலாம்.

பூங்காவை வடிவமைத்தவர் கென்சோ தாங்கே. அருங்காட்சியகத்தின் அடியில் நின்று வடக்கே பாருங்கள். நினைவு வளைவு, அதற்குப் பின்னால் 1964இல் ஏற்றிய தீபம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் குவிமாடக் கட்டடம், எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழும். அந்தக் குவிமாடக் கட்டடம் 1915இல் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜான் லெட்செல் கட்டிய தொழில் கண்காட்சிக் கூடம். குண்டு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. கூடத்துக்கு அது கிட்டத்தட்ட நேர் மேலே என்பதால் அழுத்தம் மேலிருந்து கீழே இறங்கி, சில சுவர்கள் சாயாமல் நின்றன. உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. இதை இடித்துவிடலாம் என்று ஊருக்குள்ளேயே பலர் சொன்னார்கள், பார்க்கப் பார்க்க வேதனை என்று. 1966இல்தான் நகர மன்றம் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தது. 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. இருட்டிய பிறகு விளக்கு போடுவார்கள். இரவு தங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பகலில் சுற்றுலாக் குழுக்களின் கொடியும் சத்தமும் நடுவில் வரும், இரவில் அந்த இடம் உங்களுக்கே.

அருங்காட்சியகம் பற்றி. பெரியவர்களுக்கு 200 யென், 65 வயதுக்கு மேல் 100 யென், உங்கள் பிள்ளைகளுக்கு இலவசம். ஒருவருக்கு நம் காசுக்குப் பத்து வெள்ளிகூட வராது. அதனாலேயே கூட்டமும் அதிகம், ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வருகிறார்கள். காலை 7:30க்குத் திறந்து முதல் ஒரு மணி நேரம் இணையத்தில் முன்பதிவு செய்தவர்களை மட்டும் விடுகிறார்கள். அந்த நேரத்தைப் பிடித்துவிடுங்கள். பத்து மணிக்குமேல் போனால் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் முன்னால் மூன்று வரிசை நிற்கும்.

உள்ளே முதலில் கிழக்குக் கட்டடம், அங்கிருந்து பிரதான கட்டடம், பிறகு மறுபடி கிழக்கு. பிரதான கட்டடத்தில் விளக்கம் குறைவு, பொருள்கள் அதிகம். கிழிந்த பள்ளிச் சீருடை, உருகிய கண்ணாடி, வங்கிப் படிக்கட்டில் யாரோ உட்கார்ந்திருந்த இடத்தின் நிழல். மூன்று வயதுப் பையன் ஓட்டிக்கொண்டிருந்த மூன்று சக்கர சைக்கிள். மகனோடு அதையும் சேர்த்துப் புதைத்த தகப்பன், நாற்பது ஆண்டுக்குப் பிறகு எடுத்துக் கொடுத்தது. ஒரு டிபன் பெட்டியும் இருக்கிறது, உள்ளே சோறு கரியாகிக் கிடக்கும். வீடு இடிக்கும் வேலைக்குப் போன 13 வயதுப் பையனுடையது. தேடிக்கொண்டு வந்த அம்மாவுக்கு அதை வைத்துத்தான் உடல் அடையாளம் தெரிந்தது. உங்கள் மகனைவிட இரண்டு வயது மூத்தவன்.

தோல் வெந்த படங்களும் இருக்கின்றன. முன்பு வைத்திருந்த மனித உருவப் பொம்மைகளை 2017இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் நிஜப் படங்கள் பொம்மையைவிடக் கடுமையானவை. 11 வயதுப் பையன் பார்க்கலாம். போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வேண்டாம் என்றால் எந்த இடத்திலும் வெளியேறலாம் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஆறு வயதுக்கு வேண்டாம். உங்களில் ஒருவர் அவளோடு வெளியே இருங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

வெளியே அவளுக்கு வேலை இருக்கிறது. 1964இல் வைத்த அமைதி மணியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், பிள்ளைகள் விடமாட்டார்கள். சிறுவர் நினைவுச் சின்னத்துக்கு, செந்தூலிலேயே காகிதக் கொக்கு மடித்து நூலில் கோத்துக்கொண்டு போங்கள். அங்கே தொங்கவிட இடம் உண்டு. உலகம் முழுவதிலும் இருந்து ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடிக் கொக்கு வருகிறதாம். சடாக்கோ சசாகி கதையைச் சொல்லும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டுதல் பலிக்கும் என்று நம்பியவள், 644 கொக்கு மட்டும் மடித்து, முடிக்காமலே இறந்துவிட்டாள் என்று பரவியிருப்பது கதைக்காகச் சேர்த்தது. இரண்டு வயதில் கதிர்வீச்சுக்கு ஆளாகி, 1955இல் ரத்தப் புற்றுநோயால் 12 வயதில் இறந்த அந்தப் பெண், மருந்து சுற்றிவந்த காகிதத்தையெல்லாம் மடித்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள். தாண்டியும் பிழைக்கவில்லை. அவள் நினைவாக அந்தச் சிறுவர் சின்னத்தை எழுப்பியது அரசாங்கம் அல்ல. அவளோடு படித்த பிள்ளைகள் நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு எழுதிப் பணம் திரட்டினார்கள், 1958இல் திறந்தார்கள்.

மத்தியானம் வடக்கே கோட்டைப் பக்கம் நடங்கள், குவிமாடத்தில் இருந்து கால் மணி நேரம். கோட்டைக் கோபுரம் 1958இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியது. அதற்காக மெனக்கெட வேண்டாம். வளாகத்துக்குள் 1894இல் பேரரசர் வந்து தங்கிப் போர் நடத்திய தலைமையகத்தின் அடித்தளக் கற்கள் கிடக்கின்றன. ராணுவத் தகவல் தொடர்பு நிலவறை ஒன்று இருக்கிறது. ஊர் அழிந்துவிட்டது என்று வெளியுலகுக்கு முதலில் சொன்னது அங்கே வேலைக்கு வைத்திருந்த பள்ளிச் சிறுமிகள். நம்மை ஆள வந்த படையின் வீடு எது என்று அப்பாவுக்குக் காட்ட வேண்டுமானால் இந்த வளாகம்தான்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே மொத்தோமாச்சி அடுக்குமாடிகள் தெரியும். போருக்குப் பிறகு வீடிழந்தவர்கள் ஆற்றோரம் பலகையும் தகரமும் வைத்துக் குடிசை போட்டு இருபது முப்பது ஆண்டு வாழ்ந்தார்கள். அவர்களைக் குடியேற்றக் கட்டி 1978இல் முடித்த வீடுகள் இவை. புறம்போக்குக் குடிசையில் இருந்து அடுக்குமாடிக்குப் போன கதை செந்தூல்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் மீண்டது என்று எல்லோரும் பூங்காவைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கென்னவோ மீட்சியின் முழுக் கணக்கு இந்த மாடிகளிலும் டிராமிலும்தான் தெரிகிறது. குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு பகுதியில் டிராம் ஓடியது. அன்று அடிபட்ட வண்டிகளில் 651, 652 என்ற எண் போட்டவை பழுது பார்க்கப்பட்டு இன்னும் தண்டவாளத்தில் இருக்கின்றன. மகனிடம் எண்ணைச் சொல்லி வையுங்கள், பார்த்துக்கொண்டே வருவான்.

ஆற்றோரம் காந்தி மார்பளவுச் சிலை ஒன்றும் உண்டு, 2023இல் மோடி திறந்தது. வழியில்தான், தேடிப் போக வேண்டாம்.

போக்குவரத்து: ஷின்-ஒசாகா நிலையத்தில் இருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஐந்து பேருக்கும் தனித்தனி டிக்கெட் எடுப்பதற்கு முன், கன்சாய்-ஹிரோஷிமா வட்டாரத்துக்கான ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ஐந்து நாள் பாஸ் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஷின்கான்சென்னிலேயே வேகமான நோசோமி வண்டியும் அதில் அடங்கும், மியாஜிமா தீவுக்குப் போகும் ஜேஆர் படகும் அடங்கும். நிலையத்தில் இருந்து 2 அல்லது 6ஆம் எண் டிராம் ஏறிக் குவிமாட நிறுத்தத்தில் இறங்குங்கள். விசா தேவையில்லை, நம் கடப்பிதழுக்கு 90 நாள்.

சாப்பாடு: ஊர்ப் பெருமை ஒகோனோமியாகி. கோஸ், நூடல்ஸ், முட்டை அடுக்கிக் கல்லில் சுடுவது. வழக்கமாகப் பன்றி இறைச்சி போடுவார்கள், வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள், ஆனால் மாவிலோ சாஸிலோ மீனும் இறைச்சிச் சாறும் இருக்கலாம். அப்பா சுத்த சைவம் என்றால் நேபாளிகள் நடத்தும் இந்தியக் கடைகளில் பருப்பும் ரொட்டியும் கிடைக்கும். ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும்.

தேதியைக் கவனியுங்கள். டிசம்பர் 30, 31 இரண்டு நாளும் அருங்காட்சியகம் மூடியிருக்கும். குளிர்காலத்தில் மாலை 6 மணிக்கே சாத்திவிடுவார்கள். 27ஆம் தேதிக்குள் ஹிரோஷிமாவை முடிக்கிற மாதிரி ஒசாகா ஹோட்டலை மாற்றிப் போடுங்கள். இரவு தங்க வழியே இல்லை என்றால், காலை முதல் ரயிலில் வந்து அருங்காட்சியகம், நகாஜிமா மண்ணடிக் கூடம், கொரியர் நினைவுக்கல், கோனன் விடுதிக் கல் என்ற வரிசையில் பாருங்கள். கோட்டையையும் மியாஜிமாவையும் விட்டுவிடுங்கள். அப்பா நடக்கச் சிரமப்பட்டால் அருங்காட்சியகத்தில் சக்கர நாற்காலி இரவல் தருகிறார்கள், நுழைவாயிலிலேயே கேளுங்கள்.